காட்பாடி பக்கம் புண் கட்டத் தெரிந்த நர்ஸ் வேண்டும்

வணக்கம். அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை நோய். தீபாவளிக்கு முன்னாடி இடது உள்ளங்காலில் புண் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். காட்பாடியில் நாங்கள் போகும் கிளினிக்கில் இருந்த நர்ஸ் அக்காதான் பார்த்துக்கொண்டார். ஒட்டிய துணியை வெடுக்கென்று இழுக்க மாட்டார். சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுப்பார். அம்மாவுக்குக் காலில் உணர்ச்சி குறைவு என்பதால் விரலிடுக்கையும் விரித்துப் பார்ப்பார். இன்சுலின் போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கணும் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான்.

அவர் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார். இப்போது மாத்திரை எடுத்துக்கொடுக்கும் பையன்தான் கட்டுகிறான். போன வாரத்திலிருந்து புண் ஓரம் சிவந்து நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. டாக்டரிடம் காட்டியாச்சு, ஆன்டிபயாடிக் ஓடுகிறது.

அரசு மருத்துவமனையில் நன்றாகத்தான் கட்டுகிறார்கள், ஆனால் அம்மாவால் வரிசையில் நிற்க முடியவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கு வருபவர் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார், அவ்வளவுதான். ஹோம் நர்சிங் ஏஜென்சிகளைக் கேட்டால் 12 மணி நேர ஷிப்டுக்குத்தான் ஆள் அனுப்புவார்களாம்.

காந்தி நகர், சித்தூர் ரோடு பக்கம் கட்டு மாற்ற மட்டும் வீட்டுக்கு வரும் நர்ஸோ, பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்கும் கிளினிக்கோ யாருக்காவது தெரியுமா?