பாளையங்கோட்டை வளவு வீட்டில் பேண்டம் சேவல்: நடுச்சாமத்தில் கூவுவதைக் குறைக்க வழி உண்டா?

பாளை வளவு:
எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு வளவில் வாடகைக்கு இருக்கிறோம். வரிசையாக ஐந்து வீடு, முன்னால் பொது முற்றம், பக்கத்தில் ஒரு முடுக்கு (குறுகலான சந்து). எங்களுடையது கடைசி வீடு. அதனால் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) கோழி வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தார்.

இப்போது பேண்டம் (உருவத்தில் சிறிய கோழி வகை) சேவல் இரண்டு, பேண்டம் பெட்டை மூன்று, நாட்டுச் சேவல் ஒன்று இருக்கின்றன. பேண்டம் எல்லாம் என் மகன் குஞ்சிலிருந்து வளர்த்தவை. நாட்டுச் சேவலை அம்மா சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார். அதை விற்கவும் முடியாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது.

விடியற்காலையில் கூவுவதைப் பற்றி வளவில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இப்போது நடுச்சாமம் ஒன்றரை, இரண்டு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடுகின்றன. ஒன்று கூவினால் மற்ற இரண்டும் விடாமல் எதிர்க்குரல் கொடுக்கின்றன. மூன்றாவது வீட்டு மைனிக்குக் கைக்குழந்தை. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். "ஏதாவது வழி பண்ணுங்க, இல்லன்னா கோழியே வேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

யூடியூபில் ஒருவர் கூண்டைச் சுற்றி முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார். இன்னொருவர் சேவல் கழுத்தில் பட்டை கட்டச் சொல்கிறார். எதையும் செய்வதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழந்தையும் தூங்க வேண்டும், என் மகனும் சேவலைப் பிரியக் கூடாது.

கடையத்து ஆள்:
தம்பி, வழி இருக்கிறது. அதற்கு முன் சில விவரம் வேண்டும். கூண்டு எப்படிப்பட்டது, மேலே என்ன கூரை? ராத்திரியில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது? மூன்று சேவலும் ஒரே கூண்டா? இன்று இரவு ஒரு பழைய போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். எந்த நேரத்தில், எது முதலில் கூவுகிறது என்று காலையில் கேட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பாளை வளவு:
கம்பிவலைக் கூண்டு அண்ணாச்சி, மேலே தகரம். நாட்டுச் சேவலுக்கு மட்டும் தனிக் கூண்டு, ஆனால் ஒட்டியே இருக்கிறது. எதிரே உள்ள கம்பத்தில் குழல் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருக்கிறார்கள், அதன் வெளிச்சம் நேராகத் தட்டட்டியில் விழுகிறது. பதிவையும் கேட்டேன். முதலில் கூவுவது நாட்டுச் சேவல்தான், குரலை வைத்தே தெரிகிறது. அது கூவி முடித்ததும் பேண்டம் இரண்டும் மாறி மாறிக் கூவுகின்றன. ஒன்றரைக்கு ஒரு தடவை, அப்புறம் கொஞ்சம் ஓய்ந்து, நாலு மணிக்கு மேல் நிற்பதே இல்லை.

ராமையன்பட்டி மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது தெளிவாகிவிடும்.

நாலு மணிக் கூவல் அதன் உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தால் வருவது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் இதைச் சோதித்தார்கள். வெளிச்சம் வருவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே சேவல்கள் கூவத் தொடங்கின. பகல், இரவு தெரியாதபடி எந்நேரமும் ஒரே மங்கிய வெளிச்சத்தில் வைத்தபோதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கூவின. நம் ஊரில் சூரியன் ஆறு, ஆறரைக்கு உதிக்கிறது. அப்படியென்றால் நாலு, நாலரை என்பது சேவலுக்கு இயல்பான நேரம். எவ்வளவு இருட்டில் அடைத்தாலும் அந்தக் கூவலை முழுக்க நிறுத்த முடியாது. சத்தம் வெளியே போவதை வேண்டுமானால் குறைக்கலாம்.

ஒன்றரை மணிக் கூவல் அப்படியில்லை. திடீர் வெளிச்சமும் இன்னொரு சேவலின் குரலும் கூவத் தூண்டும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. உங்கள் தட்டட்டியில் தெருவிளக்கு வெளிச்சமும் இருக்கிறது, எதிர்க்குரலும் இருக்கிறது. அதே குழுவினர் 2015இல் இன்னொன்றையும் கண்டார்கள். கூட்டத்தில் மற்றவற்றை அடக்கி முதலிடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தங்கள் இடத்தின் வரிசைப்படி பின்னால் கூவும். முதலிடத்தில் இருப்பதை எடுத்துவிட்டால் அடுத்த இடத்தில் இருப்பது முதல் குரல் கொடுக்கும். ஆகவே நாட்டுச் சேவலை மாற்றிவிட்டால் எல்லாம் அமைதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பேண்டம் அந்த இடத்துக்கு வரும். ஆனால் எதிர்க்குரல் குறையும், குரலும் சிறிது. அது உங்களுக்குப் பெரிய லாபம்.

முட்டை அட்டை ஒட்டுவது வீண். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றுமே தவிர, சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. தெர்மோகோலும் அப்படித்தான். சத்தத்தைத் தடுக்க கனமான பொருள் வேண்டும், இடைவெளியும் இருக்கக் கூடாது.

கழுத்துப் பட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சேவல் காற்றை வேகமாக வெளியே தள்ளுவதைத் தடுத்துத்தான் அது சத்தத்தைக் குறைக்கிறது. பேண்டத்தின் கழுத்து மிகவும் மெல்லியது. கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும், தீனியும் இறங்காது. வளரும் சேவலுக்கு இன்னும் ஆபத்து.

சந்தை வியாபாரி:
மேலப்பாளையம் சந்தையில் ஒருவரைத் தெரியும். தொண்டையில் சின்னதாகக் கீறிக் கூவாமல் செய்துவிடுவார். காயடித்தாலும் கூவாது என்பார்கள்.

ராமையன்பட்டி மாணவி:
தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். கோழிக்குக் குரல் வருவது தொண்டையில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிற உறுப்பிலிருந்து வருகிறது. தொண்டையைக் கீறினால் குரல் போகாது, சேவல்தான் போகும். விரையும் கோழிக்கு வெளியே இல்லை, வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மயக்க மருந்து இல்லாமல் வயிற்றைத் திறப்பது சித்திரவதை. கூண்டை மாற்றியே தீர்க்கக்கூடிய பிரச்சினைக்கு ஒரு உயிரை அறுக்க வேண்டாம்.

கடையத்து ஆள்:
தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. இனி வேலையைப் பார்ப்போம்.

முதலில், தட்டட்டியிலிருந்து சேவல்களைக் கீழே இறக்குங்கள். உயரத்தில் இருந்தால் சத்தம் ஐந்து வீட்டு ஜன்னலுக்கும் தடையில்லாமல் போகும். ஆனால் முடுக்கில் வைத்துவிடாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். முடுக்கில் இரண்டு சுவரும் திருப்பி அடிப்பதால் அப்படிக் குறையாது, குழாய்க்குள் பேசினது மாதிரி கடைசி வரை கேட்கும். உங்கள் வீட்டுப் புறவாசலில், மைனி வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, நாள் முழுக்க நிழல் விழும் சுவரோரம் இருந்தால் அதுதான் இடம்.

பகலில் இப்போதுள்ள கம்பிவலைக் கூண்டிலேயே திரியட்டும். ராத்திரிக்கு மட்டும் ஒரு பெட்டி வேண்டும். ஹாலோ பிளாக் வாங்கி, அதன் ஓட்டைக்குள் மணலை நிரப்பி, மூன்று பக்கமும் எழுப்புங்கள். பூச்சு இல்லாமல் அடுக்கினால் இடுக்கு வழியே சத்தம் போகும், அதனால் லேசாகவாவது சிமெண்ட் பூசுங்கள். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே தகரம் வேண்டாம், அது சத்தத்தையும் தடுக்காது, வெயிலில் தகிக்கும். கடப்பாக்கல் பலகை கிடைத்தால் நல்லது. கதவுக்குக் கனமான பலகை, ஓரத்தில் ரப்பர் பட்டை. பேண்டத்தின் குரல் மெல்லியது, கீச்சென்று இருக்கும். தடித்த சுவர் அந்த மாதிரிக் குரலை நன்றாகவே தடுக்கும்.

உயரம் முக்கியம். சேவல் சாதாரணமாக நிற்கும்போது கொண்டைக்கு மேல் நாலு விரல் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். சேவல் முழுக் குரலில் கூவ கழுத்தை நெடுக நீட்டி மார்பை நிமிர்த்தும். அதற்கு இடம் இல்லையென்றால் கூவினாலும் குரல் பாதியில் நின்றுவிடும். அதற்காக நிற்கவே முடியாதபடி அமுக்கிவிடக் கூடாது. திரும்பிப் படுக்க அகலம் தாராளமாக இருக்கட்டும்.

காற்று வர வேண்டும், ஆனால் நேர் ஓட்டை வைத்தால் சத்தமும் வெளிச்சமும் அதே வழியில் போய்வரும். கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, இரண்டுக்கும் வெளியே பலகையால் வளைந்த வழி அமையுங்கள். காற்று திரும்பிப் போகும், சத்தம் மோதி மோதிக் குறையும். அந்த வழியின் உள்பக்கம் பழைய சாக்கு ஒட்டினால் இன்னும் நல்லது. சாக்கை அவ்வப்போது எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் கோழிச் செள்ளுப் பூச்சி குடியேறிவிடும். தரையில் உமி பரப்பி, எச்சத்தைத் தினமும் அள்ளுங்கள். மூடிய பெட்டியில் எச்சம் கிடந்தால் அந்த நெடி சேவலின் மூச்சையும் கண்ணையும் கெடுக்கும்.

பொழுது சாய்ந்து கண் மயங்கும் நேரத்தில் பிடித்து உள்ளே விடுங்கள், ஒரு சத்தமும் போடாது. காலை ஆறரைக்குத் திறந்தால் போதும். இருட்டில் கோழி தண்ணீர் குடிக்காது, அதனால் உள்ளே தண்ணீர் வைத்து ஈரமாக்க வேண்டாம். திறந்த உடனே கொடுத்துவிடுங்கள். பெட்டைகளைப் பஞ்சாரத்தால் (கோழியை மூடிவைக்கும் கூடை) கவிழ்த்தாலே போதும். சேவலுக்குப் பஞ்சாரம் உதவாது, வெளிச்சமும் சத்தமும் அப்படியே போகும்.

கைக்குழந்தைக்காரி:
நான் கோழி வளர்ப்பவள் இல்லை, உங்கள் மைனி நிலைமையில் இருப்பவள். அதனால் ஒன்று சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை அமர்த்தித் தொட்டிலில் போட்ட நிமிஷம் சேவல் கூவினால் அழுகையே வந்துவிடும். அவர் வீட்டுக்காரரிடம் போனதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கித்தான் பலர் சுற்றிப் போகிறார்கள்.

பெட்டி கட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். "இன்ன வேலை செய்கிறேன், இத்தனை நாளாகும், அதற்கு நடுவில் கூவினால் எனக்கு நேராக போன் பண்ணுங்கள்" என்று சொல்லுங்கள். குழந்தை பகலில் எப்போது தூங்கும் என்றும் கேளுங்கள். பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிப்பதும் அந்த நேரத்தில்தான் இருக்கும், அதற்கும் இடத்தை யோசிக்கலாம். முட்டை கொடுங்கள், ஆனால் பேசின பிறகு கொடுங்கள். பேசாமல் முட்டை மட்டும் வந்தால் வாயை அடைக்கிற மாதிரி இருக்கும்.

அம்பை வக்கீல்:
சட்டம் தெரிந்திருப்பது நல்லது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. சேவல் குரல் பக்கத்திலிருந்து அளந்தால் 100 டெசிபலைத் தாண்டும். பொதுத் தொல்லை என்று புகார் போனால் கோட்டாட்சியர் விசாரித்து உத்தரவு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152. கேரளாவில் அடூரில் 2025இல் இப்படி ஒரு புகாரில், மாடியிலிருந்த கோழிக்கூட்டை இடம் மாற்ற 14 நாள் கெடு கொடுத்தார்கள். உங்கள் விஷயம் அதுவரை போகத் தேவையே இல்லை, வீட்டுக்காரர் பொறுமையாகத்தான் இருக்கிறார்.

பாளை வளவு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மைனியிடம் பேசிவிட்டேன். அவர் விடியற்காலைக் கூவலைப் பற்றிச் சொல்லவே இல்லை, நடுச்சாமத்தில் மட்டும் இல்லாமல் இருந்தால் போதும் என்றார். நாட்டுச் சேவலை எங்கே விடுவது என்றுதான் தெரியவில்லை. அம்மா கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்கிறார்.

கடையத்து ஆள்:
உங்கள் சுடலைமாடன் எந்த ஊரில் இருக்கிறார்? கோயில் ஊரில் பங்காளி யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் விடலாமே. நேர்ந்துவிட்ட சேவலைக் கொடை வரைக்கும் அங்கே வளர்ப்பது வழக்கம்தான். அது அடுத்தவருக்குக் கொடுத்ததாகாது. அடையாளத்துக்குக் காலில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

பாளை வளவு:
வீரவநல்லூர்ப் பக்கம்தான் கோயில், பெரியப்பா வீடு அங்கேயே இருக்கிறது. அம்மா உடனே சரி என்றுவிட்டார், சேவல் போய்ச் சேர்ந்தும் விட்டது. பேண்டம் இரண்டையும் புறவாசலுக்கு இறக்கி, பெட்டியும் கட்டியாகிவிட்டது. ஒன்றரை மணிக் கூவல் இப்போது இல்லை. நாலரைக்குக் கூவுகின்றன, எங்கள் அறையில் லேசாகக் கேட்கிறது. மைனி வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தால் கேட்கவில்லை என்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இரண்டு சேவலையும் ஒரே பெட்டியில் விடலாமா? அப்புறம் சித்திரை, வைகாசி வெயிலில் என்ன செய்வது?

ராமையன்பட்டி மாணவி:
ஒன்றாக வளர்ந்தவை என்றாலும் நடுவில் ஒரு பலகை வைத்துவிடுங்கள். நாட்டுச் சேவல் போனதால் இரண்டுக்கும் யார் பெரியவன் என்ற போட்டி இனிமேல்தான் வரும். குறுகிய இருட்டில் கொத்திக்கொண்டால் ஒதுங்க இடம் இருக்காது. தடுப்பு வைத்த பிறகு துளைகளைப் பாருங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

வெயில் காலத்தில் பெட்டியை அப்படியே நம்ப வேண்டாம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்று நகராத பெட்டி, இரண்டு சேவலின் உடல் சூடு, பகலில் காய்ந்த சுவர் மூன்றும் சேர்ந்தால் ராத்திரியிலேயே உயிர் போகலாம். ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே தொங்கவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாதிரி சத்தமில்லாத சின்ன விசிறி ஒன்றை மேல் துளையில், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தலாம். சாயங்காலம் சுவரின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்துவிட்டுச் சேவல்களை உள்ளே அடைத்துவிடுங்கள், உள்ளே தெளிக்காதீர்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். வாய் பிளந்து, இறக்கை தொங்கி இருந்தால் யோசிக்காமல் வெளியே எடுத்துக் கம்பிக்கூண்டில் விட்டுவிடுங்கள். அப்படி வெளியே இருக்கும் இரவுகளில் தெருவிளக்கின் பக்கம் மட்டும் கனமான கறுப்புத் துணி கட்டினால் போதும். அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று மைனியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.