புதுப்பிப்பு: ஒரு வயது மகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறியது

ஒரு வயது நிறைந்த பின்பும் மகள் அரைத்த கூழைத் தவிர வேறெதையும் விழுங்க மறுக்கிறாள் என்று முன்னர் எழுதி ஆலோசனை கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. இப்போது அவள் எங்களோடு பாயில் அமர்ந்து, எங்கள் சட்டியில் வெந்ததையே சாப்பிடுகிறாள்.

தனிச் சமையலை நிறுத்துமாறு எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது கூறியதே பெரிதும் உதவியது. பருப்பும் முருங்கைக்கீரையும் வெந்ததும், உப்பும் மிளகாயும் சேர்க்குமுன் அவள் பங்கைப் பிரித்தெடுத்து, சிறிது தேங்காய்ப்பால் விட்டு, குழைந்த சோற்றுடன் விரலால் மட்டும் மசிக்கிறேன். சிறு கட்டிகள் இருப்பது நல்லது, ஏனெனில் அவற்றில்தான் மென்று சாப்பிடப் பழகுகிறாள். திருகோணமலையில் புதிய மீனுக்குக் குறைவில்லை என்பதால், அவித்த பாரையின் சதையை உதிர்த்து, முள் இல்லையென்று விரல்நுனியால் தடவிப் பார்த்த பின்பே தட்டில் வைக்கிறேன். புட்டு உலர்ந்திருந்தால் தொண்டையில் அடைக்கும்; மிளகாய் சேர்க்காத சொதியில் நன்றாக ஊறவைத்தே கொடுக்க வேண்டும்.

பலர் கேட்ட அளவு குறித்து: 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 3 அல்லது 4 வேளை உணவும், தேவைக்கேற்ப 1 அல்லது 2 சிற்றுணவும் போதுமானவை, தாய்ப்பாலை 2 வயதுக்கு அப்பாலும் தொடரலாம். மாட்டுப்பால் மிகுந்தால் பசி மந்தமாவதோடு இரும்புச்சத்தும் குறையுமாதலால், சாப்பாட்டுக்கு முன் பால் கொடுப்பதைத் தவிர்க்கிறேன். முழுத் திராட்சையும் கச்சானும் இன்னும் கொடுப்பதில்லை. மாமியும் இதற்கு உடன்பட்டுவிட்டார்.