பூட்டியை உடைத்த கதை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, தமிழைத் தமிழ் எழுத்தில், முழு வாக்கியமாக எழுத வேண்டும். இது பெரியப்பாவுக்காக. தமிழாசிரியராக இருந்தவர். கிளாகோமாவில் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. குழுவில் வருவதையெல்லாம் ஃபோனில் உள்ள டாக்பேக் வசதிதான் அவருக்கு வாசித்துக் காட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் அது வாசிக்கிற அழகைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இரண்டாவது சட்டம், கட்சி அரசியல் பேசக் கூடாது. இது சித்தப்பாவுக்காக.

பெரியப்பா பதில் எழுதுவது குரல் தட்டச்சில். அவர் சொன்னது ஒன்று, ஃபோன் கேட்டது ஒன்று என்று சில சமயம் ஆகிவிடும். போன மாதம் நடந்ததைக் கீழே தருகிறேன். காலை வணக்கப் படங்களை மட்டும் நீக்கிவிட்டேன்.

வியாழன்

பெரியப்பா (காலை 6:40): வணக்கம் நேற்று ஒரு புது நாவல் வாங்கினேன் 180 ரூபாய் ஃபோன் வாசிக்க மாட்டேன் என்கிறது பக்கம் ஒன்று படம் பக்கம் இரண்டு படம் என்று மட்டும் சொல்கிறது நான் வாங்கியது படம் இல்லை கதை

அத்தை (6:52): அண்ணா, டாக்பேக் ஆனில் இருக்கிறதா?

பெரியப்பா (6:53): இல்லாவிட்டால் நீ கேட்டதை எனக்கு யார் வாசித்தது

அண்ணன் (7:30): பெரியப்பா, கோளாறு உங்கள் ஃபோனில் இல்லை. அந்தச் செயலியில் விற்கிற புத்தகங்களுக்கு டிஆர்எம் என்று ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். கோப்பைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டி அனுப்புவார்கள். சாவி செயலிக்குள் இருக்கும். அது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திரையில் வரைந்து காட்டும். எழுத்தை எழுத்தாக வெளியே விட்டால் யாராவது நகலெடுத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் டாக்பேக்குக்கும் அது படமாகத்தான் போய்ச் சேருகிறது.

பெரியப்பா (7:32): கண் தெரிந்தவனுக்கு எழுத்து எனக்குப் படமா

அண்ணன் (7:32): ஆமாம்.

பெரியப்பா (7:33): அப்படியானால் பூட்டியை உடை

அத்தை (7:35): பூட்டி போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகிறது அண்ணா. காலங்காத்தாலே அவளை எதற்கு இழுக்கிறீர்கள்?

பெரியப்பா (7:36): பூட்டி இல்லை பூட்டி

அம்மா (7:38): மதினி, அத்தான் பூட்டைச் சொல்கிறார்.

சித்தப்பா (7:41): சிரிக்கும் முகம் எட்டுப் போட்டால் அண்ணனுக்கு ஃபோன் எட்டையும் வாசிக்கும். அதனால் எழுத்திலேயே சிரித்துக்கொள்கிறேன்.

மாமா (8:15): ஒரு நிமிடம். பூட்டை உடைப்பதை இவ்வளவு சாதாரணமாகப் பேசாதீர்கள். மச்சான் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பதிப்பகம் நடத்துகிறவன். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு ஒரு நாவல் போட்டோம், 500 பிரதி. பொங்கல் முடிவதற்குள் பிடிஎஃப் ஊரெல்லாம் சுற்றியது. எழுதியவரே அதை எனக்கு அனுப்பி, இதுவும் நம் வெளியீடுதானா என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? மிச்சம் 300 பிரதி இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அத்தை (8:17): 320. நேற்று பெருக்கும்போது எண்ணினேன்.

அண்ணன் (8:20): மாமா, அந்த நாவலை மின்னூலாகவும் போட்டீர்களா?

மாமா (8:21): இல்லை. அச்சில் மட்டும்.

அண்ணன் (8:21): அப்புறம் பிடிஎஃப் எப்படி வந்தது?

மாமா (8:24): எவனோ பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுத்திருக்கிறான். ஓரத்தில் கட்டைவிரல் தெரிகிறது.

அண்ணன் (8:25): கட்டைவிரலுக்கு டிஆர்எம் போட முடியாதே மாமா.

மாமா (8:31): திருடன் எப்படியும் வருவான் என்பதற்காக யாராவது வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்களா?

அண்ணன் (8:44): வீட்டுச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். இங்கே பூட்டையும் சாவியையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் தேடாதே என்கிறார்கள். தேடுகிறவன் கண்டுபிடிக்காமல் இருப்பானா? டிவிடிப் பூட்டு அப்படித்தான் போனது. 1999இல் நார்வேயில் யோன் லெக் யோஹான்சன் என்று 15 வயதுப் பையன், வேறு இரண்டு பேரோடு சேர்ந்து அதைத் திறக்கும் நிரலை வெளியிட்டான். அவன் மேல் வழக்கு. சொந்தக் காசில் வாங்கிய டிவிடியைத் தன் கணினியில் பார்ப்பது குற்றம் இல்லை என்று 2003இல் இரண்டு நீதிமன்றங்கள் அவனை விடுவித்தன.

சித்தப்பா (8:50): இதெல்லாம் பெரிய கம்பெனிகளும் ஆட்சியில் இருப்பவர்களும் சேர்ந்து

அத்தை (8:50): தம்பி.

சித்தப்பா (8:51): நான் இன்னும் கட்சிப் பெயரே சொல்லவில்லை அக்கா.

அத்தை (8:51): சொல்லப் போகிறாய்.

சித்தி (11:10): நூலகத்தில் இப்போதுதான் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. இந்தச் சண்டை பழசு. 2009 பிப்ரவரியில் அமேசான் கிண்டில் 2 என்கிற மின்னூல் கருவியைக் கொண்டுவந்தபோது, எந்தப் புத்தகத்தையும் அதுவே வாசித்துக் காட்டும் வசதி இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் சண்டைக்கு வந்துவிட்டது. ஒலிப்புத்தக உரிமை தனி, அதைத் தனியாகத்தான் விற்போம் என்றார்கள். சில நாளிலேயே அமேசான் இறங்கிவந்து, எந்தப் புத்தகத்துக்குக் குரல் வேண்டாம் என்பதைப் பதிப்பாளரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டது. ஏப்ரலில் பார்வையற்றவர்கள் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கு முன்னால் போராட்டம் நடத்தினார்கள். நாங்களும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்பதுதான் அவர்கள் பேச்சு.

பெரியப்பா (11:15): அதே 180 ரூபாய் கதைதான்

மாமா (11:22): ஒலிப்புத்தகம் தனி வியாபாரம்தானே? குரல் கொடுப்பவருக்கு, ஸ்டுடியோவுக்கு எல்லாம் செலவு இருக்கிறது.

பெரியப்பா (11:26): மாப்பிள்ளை என் ஃபோன் வாசிப்பதை நீங்கள் ஒரு முறை கேட்க வேண்டும் எழவு வீட்டையும் கல்யாண வீட்டையும் ஒரே குரலில் வாசிக்கும் அதை ஒலிப்புத்தகம் என்று சொன்னால் ஸ்டுடியோக்காரர் கோபித்துக்கொள்வார்

நான் (பகல் 1:05): வகுப்பு முடிந்தது. சட்டம் படிக்கிறவள் என்பதால் நானும் கொஞ்சம் சொல்கிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோது 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

அம்மா (1:06): ஐயோ.

நான் (1:10): முழுவதும் கேளுங்கள் அம்மா. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றம் இல்லை. அதே திருத்தத்தில் 52ஆம் பிரிவிலும் ஒன்று சேர்த்தார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் படிக்கிற வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்றிக் கொடுக்கலாம், லாபம் மட்டும் பார்க்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அண்ணன் பெரியப்பாவுக்குச் செய்து கொடுக்கலாம்.

சித்தப்பா (1:14): 2012இல் யார் ஆட்சி என்று நினைவிருக்கிறதா?

அத்தை (1:14): இல்லை. யாருக்கும் நினைவில்லை.

நான் (1:17): அதில் கட்சிச் சண்டைக்கு வழியே இல்லை சித்தப்பா. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்தே நிறைவேற்றின. சினிமாப் பாடல் எழுதுபவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியில் பங்கு வந்ததும் இந்தத் திருத்தத்தில்தான். அதற்காக இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் பேசினார்.

அண்ணன் (1:30): அமெரிக்காவில் இதைவிட மோசம். அங்கே 1998இல் கொண்டுவந்த டிஎம்சிஏ என்கிற பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக நல்ல காரியத்துக்குக்கூடப் பூட்டைத் தொடக் கூடாது. பார்வையற்றவர்களுக்காக மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலக்குக் கேட்டு மனுப் போட வேண்டும்.

பெரியப்பா (1:33): ஓய்வூதியக்காரனுக்கு வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் அது மாதிரி மூன்று வருடத்துக்கு ஒருமுறை இன்னும் கண் தெரியவில்லை என்று மனு

சித்தப்பா (1:40): சரி, கட்சி வேண்டாம். ஒரு கேள்வி கேட்கலாமா? திறக்கலாம் என்று 65ஏ சொல்கிறது. சாவியைக் கொடு என்று கம்பெனியிடம் சொல்கிறதா?

நான் (1:43): இல்லை.

சித்தப்பா (1:44): பார்வையற்றவர் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் இருந்தால் உரிமை. இல்லாவிட்டால் 180 ரூபாய் தண்டம். இதற்குப் பெயர் அரசியல் இல்லாமல் வேறு என்ன?

(அத்தை இதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அது அபூர்வம்.)

சித்தி (மாலை 4:20): 2013இல் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஒரு உலக ஒப்பந்தமே போட்டார்கள். பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்தில் நூல்களை ஆக்கவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் அது வழி செய்கிறது. பூட்டு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஏழாம் பிரிவு சொல்கிறது. அதை முதலில் உறுதி செய்து ஏற்ற நாடு இந்தியா, 2014இல். 2016இலிருந்து சுகம்ய புஸ்தகாலயா என்று இணைய நூலகமும் இருக்கிறது. அத்தான் வாங்கிய நாவலை அங்கே தேடினேன், இல்லை. மதுரைத் திட்டம் என்கிற இணையத் தொகுப்பில் பழைய நூல்கள் நிறைய உண்டு, பூட்டும் கிடையாது. அனுப்பட்டுமா?

பெரியப்பா (4:26): அதில் உள்ளதை எல்லாம் முப்பது வருடம் பாடம் நடத்தியாகிவிட்டது அம்மா இப்போது எழுதுகிற பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிய வேண்டும் கண் போனவன் பழையதையே கேட்டுக்கொண்டிரு என்றால் எப்படி

வெள்ளி

அண்ணன் (காலை 10:05): செயலிக்காரர்களுக்கு நேற்று எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறார்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றும் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

பெரியப்பா (10:09): எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேள்

மாமா (10:30): இது அநியாயம். நானே சொல்கிறேன்.

ஞாயிறு

அண்ணன் (காலை 9:12): முடிந்தது. 212 பக்கம். பூட்டை நான் தொடவே இல்லை. பெரியப்பா ஃபோனை மேசையில் வைத்து, என் ஃபோனை அதற்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தேன். இதைத்தான் அந்தக் கட்டைவிரல்காரனும் செய்திருப்பான். ஒரே ஒரு வித்தியாசம், நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்.

பெரியப்பா (10:40): கதாநாயகன் பெயர் என்ன ரரஜர ரரஜர என்கிறது

அண்ணன் (10:42): ராஜா. எழுத்தைப் பிரிக்கும்போது துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டது. திருத்தி அனுப்புகிறேன்.

பெரியப்பா (10:43): வேண்டாம் எனக்குப் பழகிவிட்டது

மாமா (11:20): என் பங்குக்கு நானும் ஒன்று செய்கிறேன். ஜனவரியில் போட்ட நாவலின் அச்சுக்கோப்பை மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன். பூட்டு கீட்டு எதுவும் இல்லை.

பெரியப்பா (11:34): மாப்பிள்ளை எம் கே அரைப்புள்ளி கே எச் என்று தொடங்குகிறது இது என்ன மொழி

அண்ணன் (11:36): அது ‘அம்மா’. மாமா, பாமினி எழுத்துருவிலா அடித்திருக்கிறீர்கள்?

மாமா (11:38): எங்கள் டிடிபி ஆள் இருபது வருடமாக அதில்தானே அடிக்கிறார்.

அண்ணன் (11:41): அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டது மாதிரி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். கணினிக்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றினால்தான் வாசிக்கும்.

சித்தப்பா (11:43): அத்தான், கம்பெனிக்காரன் செலவழித்துப் பூட்டுகிறான். நீங்கள் இருபது வருடமாக இலவசமாகவே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

மாமா (11:50): சரி, சரி. பழைய கோப்புகளை மொத்தமாக மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? 64 தலைப்பு இருக்கிறது.

அண்ணன் (11:51): கட்டிலுக்கு அடியில் உள்ளதை எண்ணுகிற நேரம்கூட ஆகாது.

நான் (பகல் 12:15): ஒன்று மறந்துவிட்டேன். 65ஏ-வில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறந்து உதவுகிறவர், அவருடைய பெயர், முகவரி, எதற்காக உதவினார் என்பதையெல்லாம் முழுமையாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

அண்ணன் (12:17): நான் படம்தானே எடுத்தேன்? அதற்குமா?

நான் (12:18): அதைப் பூட்டுத் திறந்ததாக எடுத்துக்கொள்வார்களா என்பது நீதிமன்றத்தில் பேச வேண்டியது. எதற்கு வம்பு? எழுதி வை.

அண்ணன் (12:40): மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். வரிசை எண் 1. பெயர்: பெரியப்பா. முகவரி: மாடி அறை. நோக்கம்: கதை கேட்பது.

சித்தி (12:44): இந்தக் குடும்பத்தின் முதல் அரசுப் பதிவேடு.

பெரியப்பா (இரவு 8:55): நாவல் பாதி கேட்டுவிட்டேன் சுமார்தான் ரரஜர எதற்கெடுத்தாலும் அழுகிறான்

மாமா (8:58): அது எங்கள் பதிப்பகத்து வெளியீடு இல்லை என்பதையும் அந்த நோட்டில் எழுதிவிடுங்கள்.