ஓட்டுற வண்டியையே எடுத்துக்கோன்னு ஓனர் சொல்றார், எடுக்கலாமா இல்ல சம்பளத்துலயே இருக்கலாமா?

முதுநகர் ஸ்டீரிங்:
அண்ணங்களா ஒரு யோசனை வேணும். நான் கடலூர் முதுநகர், ஒரு டிரான்ஸ்போர்ட்ல 8 வருஷம் 2 மாசமா 12 வீல் லாரி ஓட்டுறேன், சிப்காட்ல ஏத்தி பெங்களூர், ஹைதராபாத்னு போவேன். சம்பளம் 18,000, படி தனி, பிஎஃப் இஎஸ்ஐ பிடிக்கிறாங்க. போன வாரம் ஓனர் கூப்ட்டு உக்கார வச்சு இனிமே யாருக்கும் சம்பளம் கிடையாது, ஓட்டுற வண்டிய நீயே எடுத்துக்கோ, முன்பணம் வேணாம், மாசம் 38,000 வாடகையிலயே கழிச்சுக்கறோம், 4 வருஷத்துல வண்டி உனக்குன்னு சொல்றார். அதுவரைக்கும் ஆர்சி கம்பெனி பேர்லதான் இருக்கும், வெளி லோடு எடுக்கக்கூடாது. டீசல், டோல், டயர், வண்டி தகுதிச் சான்று எடுக்குற எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் என் செலவு.

நான் சேர்ந்தப்ப ஷோரூம்லேர்ந்து பூஜை போட்டு நான்தான் அந்த வண்டிய ஓட்டிட்டு வந்தேன். எந்த ஏத்தத்துல எந்த கியர் இழுக்கும்னு கைக்கே தெரியும், அதனாலயே மனசு அந்த பக்கம் போவுது. வீட்ல வேணாங்குறா. எக்ரிமென்ட் இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம், நான் தொழிலாளி இல்ல ஒப்பந்தக்காரர்னு அதுல போட்டிருக்குன்னு பையன் படிச்சு சொன்னான். திங்கக்கிழமை கையெழுத்து கேக்குறாங்க.

பாண்டி ஆறு வீல்:
தம்பி, நான் 2016லேர்ந்து சொந்த வண்டி, பாண்டி மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல்தான் நமக்கு இடம். சொந்த வண்டி வேணாம்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு சொன்னது சொந்த வண்டியே இல்ல.

சொந்தமா ஓட்டுறவனுக்கு காசு நிக்கிறதே ரிட்டர்ன் லோடுலதான். ஹைதராபாத்ல இறக்கிட்டு நாலு புக்கிங் ஆபீஸ்க்கு போன் போட்டு எவன் நல்ல ரேட் குடுக்குறானோ அவன்கிட்ட ஏத்திட்டு வரணும். அத உன் கையிலேர்ந்து புடுங்கிட்டாங்களே. அவங்க லோடு இல்லன்னா காலி வண்டியா வருவ, டீசல் உன்னது, டோல் உன்னது.

இன்னொன்னு சொல்றேன் கேளு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்க கரைய கடந்துச்சுல்ல, அப்ப என் வண்டி லோடோட நின்னுது. தார்ப்பாய் நடுவுல தண்ணி தேங்கி தொட்டி மாதிரி தொங்குது, நானும் கிளீனர் பையனும் விடிய விடிய மேல ஏறி குச்சியால முட்டி முட்டி தண்ணிய தள்ளுறோம். அப்புறம் உங்க கடலூர்ல தென்பெண்ணை வெள்ளம். மொத்தம் 9 நாள் வண்டி நகரல. 5ஆம் தேதி டியூ மட்டும் கரெக்ட்டா வந்து நின்னுச்சு, அந்த மாசம் வீட்ல செயின் வச்சுதான் கட்டினேன். சம்பளத்துக்கு ஓட்டின பசங்களுக்கு படி போச்சு, சம்பளம் வந்துச்சு. நான் அப்படி கட்டினது என் பேர்ல இருக்குற வண்டிக்கு. நீ யார் பேர்ல இருக்குற வண்டிக்கு கட்ட போற?

வண்டிக்கு 8 வருஷம் முடிஞ்சுட்டுங்குற, அதையும் பாரு. 8 வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி, அதுக்கு மேல வருஷா வருஷம். டிங்கரிங், பெயின்ட், டயர்னு செலவு ஆரம்பிக்கிற நேரத்துல கரெக்ட்டா உன் கையில குடுக்குறாங்க. நேஷனல் பர்மிட் 16,500 அது தனி.

லேபர் கணக்கு:
நான் பிஎஃப், இஎஸ்ஐ வேலை பாக்குறவன். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நீங்க எத விடுறீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க.

பிஎஃப்ல பென்ஷன் வரணும்னா 10 வருஷ சர்வீஸ் வேணும், 9 வருஷம் 6 மாசம் ஆயிட்டாலே 10ன்னு எடுத்துப்பாங்க. உங்களுக்கு இன்னும் 1 வருஷம் 4 மாசம்தான் பாக்கி. இப்ப வெளிய வந்து வேற எங்கயும் பிஎஃப்ல சேரலன்னா மாச பென்ஷன் கிடையாது. இவ்ளோ கிட்ட வந்துட்டு விட்டுடாதீங்க.

இஎஸ்ஐக்கு உங்க சம்பளத்துல பிடிக்கிறது 0.75 சதவீதம், 18,000க்கு 135 ரூபா. அதுல வீட்ல எல்லாருக்கும் வைத்தியம் நடக்குது. ஒப்பந்தக்காரர் ஆயிட்டா அது நின்னுடும்.

கிராஜுவிட்டி, அதான் வேலைய விட்டு நிக்கிறப்ப தர்ற பணிக்கொடை, அத பத்தி ஓனர் வாயே தெறக்கல பாத்தீங்களா. 5 வருஷம் தாண்டினாலே உண்டு. பேசிக் 15,000ன்னு வச்சுக்கோங்க, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 8 வருஷத்துக்கு போட்டா 69,000த்து சொச்சம் வரும். அது உங்க காசு.

பேப்பர்ல ஒப்பந்தக்காரர்னு எழுதிட்டா மட்டும் ஆயிடாது. 1956லயே சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ், குஜராத் பக்கம் உப்பளத்துல மணங்கு எடை கணக்குல கூலி வாங்கி, கூட ஆள் வச்சுக்கிட்டு வேலை செஞ்சவங்கள கம்பெனி எங்க ஆளே இல்லன்னுச்சு. கோர்ட் வேலைய யார் மேய்க்கிறாங்கன்னு பாத்து அவங்க தொழிலாளிதான்னு சொல்லிடுச்சு. உங்களுக்கும் எந்த லோடு, எந்த ரூட்டுன்னு எல்லாம் அவங்கதான் சொல்றாங்க. ஆனா கேஸ் போட்டு ஜெயிக்கிறதுக்குள்ள வருஷம் ஓடிடும், அதனால இப்பவே போடாம இருக்கறதுதான் நல்லது.

நெல்லிக்குப்பம் லோடு:
இன்சூரன்ஸ யாரும் சொல்லல. ஓனர் கம் டிரைவருக்குன்னு 15 லட்சம் பிஏ கவர், அதாவது விபத்து காப்பீடு இருக்கு, அது ஆர்சில யார் பேர் இருக்கோ அவருக்குத்தான். சம்பள டிரைவருக்கு இஎஸ்ஐ இருந்தா அதுல வரும், இல்லன்னா தொழிலாளர் நஷ்டஈட்டுல வரும். இவர் ஆர்சிலயும் இல்ல, எக்ரிமென்ட்படி தொழிலாளியும் இல்ல. என் மச்சான் இதே மாதிரி பேப்பர்ல ஓட்டிட்டு இருந்தப்ப திண்டிவனம் கிட்ட அடிபட்டு இடுப்பு போச்சு, எங்க டிரைவரே இல்லன்னு அவங்க எழுதி குடுத்துட்டாங்க, அக்கா மூணு வருஷமா கோர்ட்டுக்கு நடக்குறா. தயவு செஞ்சு கையெழுத்து போடாதீங்க.

முதுநகர் ஸ்டீரிங்:
படிச்சேன் எல்லாத்தையும், அவளுக்கும் படிச்சு காட்டினேன். அம்மா சுகர் மாத்திரை இஎஸ்ஐலதான் வாங்குது, அது எனக்கு தோணவே இல்ல. நாளைக்கு போய் ஆர்சிய இப்பவே என் பேருக்கு மாத்தி லோன் போட்டு குடுங்க, வெளி லோடுக்கு விடுங்க, இல்லன்னா சம்பளத்துலயே இருக்கேன்னு கேக்க போறேன். அவர் ரெண்டும் முடியாது, வேலைய விட்டு நின்னுக்கோன்னு சொன்னா?

லேபர் கணக்கு:
நீங்களா நின்னதா எதுலயும் எழுதி குடுக்காதீங்க. அவங்க நிறுத்தினா எழுத்துல கேளுங்க. சம்பள சீட்டு, ட்ரிப் ஷீட், பிஎஃப் பாஸ்புக் எல்லாத்தையும் இன்னிக்கு ராத்திரியே போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வண்டியில எதாவது ஷீட் இருந்தா சாவி குடுக்குறதுக்கு முன்னாடி அதையும்.