ப்ர்னோ துகென்ட்ஹாட் வில்லா: வீட்டுக்காரங்களுக்கு என்ன ஆச்சு?

தறிக்காரன்:
அடுத்த மாசம் செக் நாட்டுல ப்ர்னோ போறேன், அங்க துகென்ட்ஹாட் வில்லா பத்தி தேடினா எல்லாரும் அதை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ பத்தியே பக்கம் பக்கமா எழுதறாங்க, வீட்டுக்காரங்க யூதக் குடும்பம்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. யாரு அவங்க? வீடு திரும்ப கிடைச்சுதா?

வைகைக்கரை:
கிடைக்கல நண்பா. ப்ர்னோவும் நம்ம கோவை மாதிரி மில்லு ஊரு, அதையும் மான்செஸ்டர்னுதான் சொல்வாங்க. ஃப்ரிட்ஸ் துகென்ட்ஹாட், அவர் மனைவி கிரேட்டா ரெண்டு பேருமே ஜவுளிக் குடும்பம், கிரேட்டாவோட அப்பா ஆல்ஃப்ரெட் லோவ்-பேர் தன் பங்களாவுக்கு மேல இருந்த சரிவு நிலத்தை மகளுக்கு கல்யாண சீரா குடுத்தார், அதுலதான் வீடு. 1930 டிசம்பர்ல குடி வந்தாங்க, 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவ புடிச்சதும் குழந்தைகளோட சுவிட்சர்லாந்து, அப்புறம் 1941ல வெனிசுவேலா. எட்டு வருஷம்கூட முழுசா வாழல. அப்பா ஆல்ஃப்ரெட் 1939ல தப்பிச்சுப் போற வழியிலயே செத்துட்டார், இதை யாருமே எழுதறதில்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

மலர்விழி:
வீட்டை 1939ல கெஸ்டபோ, அதாவது ஹிட்லரோட ரகசிய போலீஸ், பறிச்சுக்கிச்சு. சாப்பாட்டு இடத்தைச் சுத்தி அரைவட்டமா கருங்காலி மரச்சுவர் ஒண்ணு இருந்துச்சு, அதை பேர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, அழிஞ்சு போச்சுன்னே எல்லாரும் நினைச்சாங்க, கடைசில பார்த்தா அந்தப் பலகைங்க 2011ல பல்கலைக்கழக கேன்டீன்ல இருக்குது, போர் சமயத்துல அந்த பில்டிங்தான் கெஸ்டபோ ஆபீஸ்! எத்தனை வருஷம் பசங்க அது யாரு வீட்டு மரம்னு தெரியாமலே அதுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க, நினைச்சாலே மனசு கனக்குது. இப்ப திரும்ப வீட்டுலயே வெச்சுட்டாங்க.

தறிக்காரன்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். போர் முடிஞ்ச பிறகாவது கேட்டு வாங்கியிருக்கலாமே?

வைகைக்கரை:
முதல்ல சோவியத் படை தங்குச்சு, அப்புறம் டான்ஸ் ஸ்கூல், 1950ல அரசாங்க சொத்தாயிடுச்சு, குழந்தைகளுக்கான சிகிச்சை மையமா பல வருஷம் ஓடுச்சு. கம்யூனிஸ்ட் ஆட்சில யார்கிட்ட போய் கேக்கறது? ஆனா கிரேட்டா கோபத்துல ஒதுங்கிடல, 1969ல ப்ர்னோ வந்து இந்த வீடு பத்தி பேசினாங்க, அதை சரிபண்ணணும்னு ஆசைப்பட்டாங்க, அடுத்த வருஷமே இறந்துட்டாங்க. புதுப்பிச்சு திறந்தது 2012ல. அவங்க மகள் டானியேலா, கலை வரலாற்றுப் பேராசிரியர், அந்த வேலைல கூடவே நின்னாங்க.

மலர்விழி:
டிக்கெட் இப்பவே பாருங்க, மாசக்கணக்கா முன்னாடியே தீர்ந்துடும். கிடைக்கலன்னா கீழ இருக்கற லோவ்-பேர் பங்களாவ பாருங்க, அதுவும் இப்ப மியூசியம்தான், குடும்பத்தோட கதை அங்கதான் அதிகம் இருக்கு.