சிறுநீரகம் பழுதானவருக்குச் சமைப்பது: மறக்க முடியாத அனுபவம் எது?

மதுரை உணவு ஆலோசகர்
இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.7 என்று ஆபத்தான அளவில் வந்த ஒருவரின் மனைவியிடம் இளநீர், வாழைப்பழம், கீரைச் சாறு என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். கடைசியில் அந்த அம்மா பையிலிருந்து ஓர் உப்புப் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் மேடம். அதனால்தான் விலை கூடினாலும் சோடியம் குறைந்த உப்பாக வாங்குகிறேன்.” அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த வரியை நான் காட்டியபோது அவர் கைகள் நடுங்கின.

வேலூர் மகன்
‘எப்போதோ நிறுத்திவிட்டார்களாம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! ஆயுள் முழுக்க இளநீர் குடித்த மனிதரை நிறுத்தவைப்பது எவ்வளவு பெரிய வேலை! என் அப்பா டயாலிசிஸ் செய்துகொள்கிறார். தண்ணீர் குடிப்பதே இல்லை என்பார், ஆனால் உடலில் நீர் தங்கி எடை மட்டும் ஏறும். டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரை அம்மா காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பினார். காபி, ரசம், மோர் என்று அப்பாவுக்கு எதைக் கொடுத்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டினார். மத்தியானத்துக்குள் பாட்டில் பாதியானதைப் பார்த்த அப்பா, இரண்டாம் முறை ரசம் வேண்டாம் என்று தாமே இலையை மறைத்தார்.

தஞ்சை மருமகள்
காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடிக்கச் சொன்னார்கள். நான் வடித்ததை, சத்து வீணாகிறதே என்று மாமியார் சாம்பாரில் ஊற்றிவிட்டார். நீக்கிய பொட்டாசியம் முழுக்க அந்த நீரில்தான் இருக்கிறது!

ஆகவே வடித்ததைத் தொட்டியில் கொட்டிவிடுங்கள். குக்கரில் வைத்து நீரோடு சேர்த்தாலும் பயனில்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். வேலூர்க்காரரே, பாட்டில் கணக்கு சரி, ஆனால் உப்பைக் குறைக்காமல் தாகம் அடங்காது. புரதத்தையும் கேளுங்கள். டயாலிசிஸுக்கு முன்பு பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கியபின் கூட்ட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் புரதச்சத்து கொஞ்சம் வெளியேறுகிறது. பலர் பழைய உணவுச் சீட்டையே வைத்துக்கொண்டு மெலிந்துபோகிறார்கள். அப்பாவிடம் இருப்பது எந்தத் தேதிச் சீட்டு?