வருடிச் செய்தியின் ‘ஃபார்மேட்டிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கின் பார்கோடு வருடிகளுக்கு, அதாவது ஸ்கேனர்களுக்கு, தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து வேலை செய்யும் தம்பிமார். ‘மெசேஜ் ஃபார்மேட்டிங்’ என்ற தலைப்பில் மாட்டிக்கொண்டேன். ‘வடிவமைப்பு’ என்று போட்டால் டிசைன் என்றுதான் நினைப்பார்கள்.

நடப்பது இதுதான். இங்கே பதிந்த பொருள் என்றால் பெட்டியில் 888 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். வருடி அதை வெறுமனே தள்ளிவிட்டால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினிக்குத் தெரியாது. சீரியல் கம்பியில் போகும்போது முன்னால் ஆஸ்கி 2, பின்னால் ஆஸ்கி 3 வைத்து அனுப்பச் சொல்லலாம் (ஆஸ்கி என்பது எழுத்துகளுக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் எண் கொடுக்கும் முறை; 2 தொடக்கம், 3 முடிவு). யுஎஸ்பி வழியே விசைப்பலகையாக நடிக்கும்போது எண்ணுக்குப் பின் ஆஸ்கி 13, அதாவது எண்டர். அந்த எண்டர் விழவில்லை என்றால் இரண்டு பெட்டிகளின் எண்களும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டத்தில் 26 இலக்கமாக நிற்கும்.

என் முன்மொழிவு ‘செய்திக்கட்டு’. வினையாக ‘செய்தி கட்டுதல்’. முன்னால் வருவது முன்குறி, பின்னால் வருவது முடிகுறி. வருடியிடமிருந்து எண்ணை வாங்கிக்கொள்ளும் ‘ஹோஸ்ட்’டுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், ‘கணினி’ போதும். ‘ஓம்புநர்’ என்று எழுதினால் கிடங்கில் யார் யாருக்கு விருந்து வைக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

— ஜூரோங்

> கட்டுவதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறதே, ‘யாப்பு’. அசையும் சீரும் அடியும் வரிசையில் நிற்பதுபோல இலக்கங்களும் நிற்கின்றன. ‘செய்தியாப்பு’ என்றால் என்ன குறை?
> — ஈசூன்

ஐயா, ரசித்தேன். ஆனால் சேர்த்து எழுதிப் பாருங்கள்: செய்தி, ஆப்பு என்றும் பிரியும்! விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே வருடியைச் செருகும் முறைக்கு ஆங்கிலத்தில் பெயரே ‘வெட்ஜ்’, நம் ஆப்புதான். தம்பிமாருக்கு வேறு பொருளும் உடனே தோன்றும். வேண்டாம்.

— ஜூரோங்

> ‘கட்டு’ எனக்குச் சம்மதம். ஆனால் மருந்துப் பெட்டிகளை மறந்துவிடாதீர்கள் அண்ணே. நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். ஒரே சதுரக் குறியில் 01 என்ற அடையாளத்துக்குப் பின் 14 இலக்கப் பொருள் எண், 17க்குப் பின் 6 இலக்கக் காலாவதித் தேதி, 10க்குப் பின் தொகுதி எண். தொகுதி எண்ணுக்கு நிலையான நீளம் இல்லை, 20 எழுத்து வரை போகலாம். அடுத்து 21 என்று வரிசை எண் வந்தால் நடுவில் இரண்டையும் பிரிக்கும் ஆஸ்கி 29 இருந்தே ஆக வேண்டும்.
> — தெம்பனிஸ்

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. விசைப்பலகையில் 29க்குத் தனி விசை கிடையாது. அதனால் அது வழியிலேயே காணாமல் போகும், அல்லது கண்ட்ரோல் விசையோடு சேர்ந்த கட்டளையாக மாறி நிரலைக் குழப்பும். பிறகு தொகுதி எண் எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே 29க்குப் பதில் திரையில் தெரிகிற ஓர் எழுத்தை அனுப்பும்படி வருடியில் அமைக்கிறோம். இது வெளியே கட்டுவதோடு நிற்பதில்லை, உள்ளே கைவைப்பது. இதையும் ‘செய்திக்கட்டு’க்குள் திணித்தால் சொல் தளர்ந்துவிடும். குறி சேர்ப்பது ‘செய்திக்கட்டு’. வெட்டுவது, மாற்றுவது, வரிசை புரட்டுவது ‘செய்தித் திருத்தம்’. கையேட்டில் இரண்டு அத்தியாயமாகவே பிரித்துவிடுகிறேன்.

29க்கு ‘பிரிகுறி’ என்று எழுதியிருக்கிறேன். இதே சொல்லைக் காற்புள்ளிக்கோ டேபுக்கோ யாராவது ஏற்கெனவே புழங்குகிறீர்கள் என்றால் அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.

— ஜூரோங்